மேய்ப்பர் இல்லாத ஆண்டுகள்

துன்பம் வந்துற்றபோது மனிதன் எதைப் பற்றிக்கொள்கிறான் என்பதைக் கொண்டே அவனது நம்பிக்கையின் ஆழத்தை அறிய இயலும். வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று தனியோர் அதிகாரமே வகுத்துள்ளார். பல்லவ மன்னனின் சினத்திற்கு ஆளாகி நீற்றறையில் இடப்பட்டும், கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டும் தம் பற்றினை விடாத திருநாவுக்கரசரின் வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. ஆகவே அரசின் சினத்தைத் தாங்கி நின்ற அடியவர்களின் கதை தமிழ் வாசகருக்குப் புதியதன்று. அதே தமிழ் மண்ணில் கிறித்தவ நம்பிக்கை இன்னல்களுக்கிடையே எவ்வாறு தன்னைக் காத்துக்கொண்டது என்னும் வினாவை இக்கட்டுரையில் எழுப்பிப் பார்ப்போம். சமயப் பரப்புரை நமது நோக்கமன்று. ஒரு மக்கள் கூட்டம் தனக்கு வழிகாட்டுவோர் எவரும் இல்லாத காலத்தில் தான் நம்பியதை எப்படிக் கைவிடாதிருந்தது என்பதே நமது ஆராய்ச்சி.

இதற்கு நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் எலுமிச்சைத் தோப்புகளுக்குப் பெயர்பெற்ற புளியங்குடியிலிருந்தே தொடங்கலாம். இவ்வூர் நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டாரத்தோடு சேர்த்து எண்ணப்பட்டது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. அரனும் அரியும் ஓருருவாய் நிற்கும் சங்கரநாராயணர் கோயிலால் புகழ்பெற்ற வட்டாரம் இது. வாசுதேவநல்லூரும் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் அண்மையில் உள்ளன. பாளையக்காரர் வரலாறு என்றே நாம் இப்பகுதியை அறிந்திருக்கிறோம். ஆனால் தமிழ் இலக்கிய வரலாற்றில் நீங்கா இடம்பெற்ற ஒருவர் தம் உயிரைத் தூக்கிக் கொடுக்கும் நிலைக்கு வந்ததும் இச்சங்கரன்கோவில் சீமையிலேதான் என்பதைப் பலர் அறியார்.

குருக்கள்பட்டியில் நடந்தது

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் 1680 இல் இத்தாலியில் பிறந்தவர். 1710 இல் கோவாவை வந்தடைந்து, அடுத்த ஆண்டில் மதுரை மறைமாநிலத்தில் பணி தொடங்கினார். கழுகுமலையைக் கடந்து கோவில்பட்டிப் பக்கம் செல்லும்போது வரும் காமநாயக்கன்பட்டி அவரது தொடக்ககாலப் பணித்தளங்களுள் ஒன்று. இன்று பரலோகமாதா ஆலயத்தால் அறியப்படும் அவ்வூர் அப்போதே வட நெல்லைக் கிறித்தவர்களின் தலைமை இடமாக விளங்கிற்று. 1714, 1715 ஆகிய ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் குருக்கள்பட்டியில் அவர் சிறைப்பிடிக்கப்பட்டு, மரண தண்டனைக்கும் உள்ளாகி, மயிரிழையில் தப்பினார்.

அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. தேம்பாவணி எழுதப்பட்டிருக்கவில்லை, சதுரகராதி தொகுக்கப்பட்டிருக்கவில்லை, தொன்னூல் விளக்கமும் பரமார்த்த குரு கதையும் தோன்றியிருக்கவில்லை. அன்று அத்தண்டனை நிறைவேறியிருப்பின், தமிழுக்கு ஒரு பெருங்காப்பியமும் அகராதிக்கலையின் தொடக்கமும் இழப்பாகியிருக்கும். சங்கரன்கோவில் சீமையின் ஒரு சிற்றூர்ச் சிறையில் தமிழ் இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதி ஊசலாடிக்கொண்டிருந்தது என்று கூறின் அது மிகையாகாது. 1726 இல் நிறைவெய்தியதாகக் கூறப்படும் தேம்பாவணியின் தலைவர் சூசையப்பர். கொடுங்கோல் அரசனுக்கு அஞ்சிக் கைக்குழந்தையோடு எகிப்து நாட்டிற்கு ஓடிப்போன ஏழைத் தச்சர் அவர். காப்பியத் தலைவராக ஓர் அரசரைக் கொள்ளாது, ஏதிலியாய் அலைந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்த புலவர், தாமும் சிறையை அறிந்தவர் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் தகும்.

ஒளிவீசும் மரணங்கள்

கிறித்தவர் துன்புற்ற வரலாறு என்றவுடன் நம் நினைவிற்கு வருவோர் உயிர் நீத்த பெருமக்களே. லிஸ்பன் நகரில் 1647 இல் பிறந்த அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ, 1686 இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு ஆளானார். விடுவிக்கப்பட்டுத் தாய்நாடு சென்ற அவர், அங்கேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. மீண்டும் மறவர் நாட்டிற்கே வந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார்.

அடுத்தவர் தேவசகாயம். 1712 இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர், மார்த்தாண்டவர்மரின் ஆட்சியில் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741 இல் குளச்சல் போரை ஒட்டித் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டுப் பின் அதே அரசின் படைத்தலைவராக உயர்ந்த, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், தம் குடும்பத்து இழப்புகளால் நொந்திருந்த நீலகண்டருக்கு யோபுவின் கதையை எடுத்துரைத்தார் என்பர். நல்லவனுக்கு ஏன் துன்பம் வருகிறது என்று வினவும் நூல் அது. 1745 மே 14 அன்று நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749 இல் கைதானார். மூன்று ஆண்டுகள் ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு வதைக்கப்பட்டார். எருக்கமாலை சூட்டி எருமைமீது ஏற்றி ஊர்வலம் விட்டனர் என்று மரபு உரைக்கும். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்மீது சாற்றப்பட்ட குற்றம் யாது என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் மக்கள் நினைவில் அவர் நம்பிக்கைக்காக உயிர் நீத்தவராகவே நிலைத்தார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்ட அவர், குருவோ துறவியோ அல்லர். மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். இந்தியப் பொதுநிலையினருள் இச்சிறப்பினைப் பெற்ற முதல்வர் அவரே.

இவை ஒளிவீசும் மரணங்கள். இவற்றிற்குச் சாட்சிகள் உண்டு, நாள் உண்டு, இடம் உண்டு, நினைவுச்சின்னம் உண்டு. ஆனால் ஒரு சமயம் தியாகிகளின் இரத்தத்தால் மட்டும் நிலைபெற்றுவிடுவதில்லை. தியாகி இறந்த மறுநாள் காலையில் எழுந்து, அதே ஊரில், அதே பகைக்கு நடுவில் அன்றாட வாழ்வை நடத்தவேண்டியவர்கள் எஞ்சியிருக்கிறார்கள். அவர்களது கதை எங்கே? நாம் தேட விழைவது அதனையே.

எண்பது ஆண்டு வெறுமை

தேவசகாயம் இறந்து ஏழே ஆண்டுகளில், 1759 இல், போர்த்துகல் அரசு தன் ஆட்சிப்பரப்பு முழுவதிலிருந்தும் இயேசு சபையாரை வெளியேற்றியது. மதுரை மறைமாநிலம் போர்த்துகீசிய அரசின் ஆதரவைச் சார்ந்தே இயங்கிவந்தது. கோவாவிலும் ஏனைய போர்த்துகீசியப் பகுதிகளிலும் இருந்த குருமார் கைதாகிக் கப்பலேற்றப்பட்டனர். உள்நாட்டு அரசர்களின் நிலப்பரப்பில் இருந்தோர் தப்பினர். ஆனால் அவர்களுக்குப் பொருளுதவி நின்றது. புதியவர் வருகையும் நின்றது. 1773 இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்துவிட்டார். எஞ்சியிருந்த முதிய குருமார் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். 1814 இல் சபை மீண்டும் உயிர்பெற்றது. எனினும் மதுரை நாட்டிற்கு அவர்கள் திரும்பிவந்து பணி தொடங்கிய ஆண்டு 1838.

இடைப்பட்ட ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் பரந்த இந்நிலப்பரப்பில் வாழ்ந்த கத்தோலிக்கரைக் கவனித்தோர் மிகச் சிலர். கோவாவிலிருந்து வந்த குருமார், மலபாரிலிருந்து வந்த கத்தனார்கள், பிரெஞ்சு மறைப்பணியாளர் ஆகியோர் ஆங்காங்கே வந்துபோயினர். ஒரு சிற்றூரில் குருவின் முகத்தைக் காணாமலே ஆண்டுகள் பல கழிந்தன. அக்காலம் அமைதியான காலமும் அன்று. 1755 முதல் 1801 வரை நெல்லைச் சீமை முழுதும் பாளையப்போர்களால் அலைக்கழிந்தது. பூலித்தேவரின் கோட்டைகள் வீழ்ந்தன. 1799 இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். வரிக்கொடுமையும் பஞ்சமும் கொள்ளைநோயும் எல்லாச் சமயத்தாரையும் ஒன்றுபோல் வாட்டின.

இந்நிலையில் காமநாயக்கன்பட்டி போன்ற ஊர்களின் கிறித்தவம் அழிந்தொழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. திரும்பிவந்த குருமார் கண்டது ஆளற்ற பாழ்நிலத்தையன்று. சிதைவுற்றும் குறைவுற்றும் இருந்தபோதிலும் உயிரோடிருந்த சபைகளையே கண்டனர். புதிதாய் வந்த அக்குருமாருள் பலர் சில ஆண்டுகளிலேயே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். வந்தவர்கள் மாண்டனர், இருந்தவர்கள் நிலைத்தனர்.

எவை காத்தன?

இதற்கான காரணங்களை ஆராயுமிடத்து மூன்று செய்திகள் நமக்குப் புலனாகின்றன.

முதலாவது, மனப்பாடம். 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், முதன்மையான செபங்களைத் தமிழில் பெயர்த்து, தெருக்களில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, ஓதுவித்தார். அவருக்குப்பின் வந்த அன்றீக்கு அடிகள் 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். பதினாறே பக்கங்கள் கொண்ட அது, இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல். அந்நூல் செபங்களின் தொகுப்பாக அமைந்தது தற்செயலன்று. எழுத்தறியாத மக்கள் நாவிலே செபம் தங்கிவிட்டால், குரு வராவிட்டாலும் அது தங்கியிருக்கும். திருவாசகமும் திருப்பாவையும் ஓதியோர் நாவில் வாழ்ந்ததுபோல, செபமாலையும் ஞானோபதேசமும் இம்மக்கள் நாவில் வாழ்ந்தன. விளக்கெரியும் வேளையில் வீட்டார் கூடிச் சொல்லும் மாலைச்செபத்திற்குக் குருவும் வேண்டா, கோயிலும் வேண்டா.

இரண்டாவது, உபதேசியார். குருமார் ஊர்தோறும் தங்க இயலாமையால், சவேரியார் காலம் தொட்டே உள்ளூர் மனிதர் ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்கும் வழக்கம் ஏற்பட்டது. கணக்கப்பிள்ளை, உபதேசியார், கோயில்பிள்ளை எனக் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்பப் பெயர்கள் மாறின. ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுதல், சிறுவருக்கு மறைக்கல்வி புகட்டுதல், சாகுந்தறுவாயில் இருப்பவர் அருகே அமர்ந்து ஆறுதல் கூறுதல், இறந்தவரை அடக்கம் செய்தல் ஆகியன அவர் பணிகள். உயிராபத்தில் உள்ள குழந்தைக்கு எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பது திருச்சபையின் பழைய நெறி. ஆகவே மருத்துவச்சியும் பாட்டியும்கூடத் திருமுழுக்கு அளிக்கும் உரிமை பெற்றிருந்தனர். கோயிலுக்குள் பெண்ணுக்கு எவ்வுரிமையும் இல்லாத காலத்தில், பேறுகாலக் குடிசைக்குள் அவ்வுரிமை அவள் கையில் இருந்தது!

மூன்றாவது, கல்லறையும் திருவிழாவும். முன்னோர் உறங்கும் இடத்தை விட்டு மனிதன் எளிதில் நீங்குவதில்லை. ஓரியூரின் செம்மண்ணைத் தேடியும், கோட்டாற்றில் தேவசகாயம் அடக்கமான ஆலயத்தைத் தேடியும் மக்கள் சென்றது எந்த ஆணையினாலும் அன்று. தியாகியின் கதை நாடகமாகவும் பாட்டாகவும் பரவியது. குருவின் மறையுரை இல்லாத இடத்தில் கூத்தே மறையுரை ஆயிற்று.

கடல் கடந்தும் இதுவே

நாம் கண்ட இந்நிலை நெல்லைக்கு மட்டும் உரியதன்று. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர், குருமாரை வெளியேற்றினர். இங்கே துன்புறுத்தியோரும் கிறித்தவரே என்பது எண்ணத்தக்கது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1687 இல், கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாள் போல் வேடமிட்டு யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார் என்பர். அதைக் கண்டு எவர் முகம் மலர்கிறது என்று பார்த்து, மறைந்து வாழும் கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார். சில்லாலை அவரது பணிக்கு உறைவிடம் ஆயிற்று. பின்னர்க் கண்டி சென்று ஒற்றர் என்னும் ஐயத்தால் சிறைப்பட்டு, விடுபட்டு, 1697 இல் பரவிய பெரியம்மையின்போது எல்லோரும் அஞ்சி ஓட, நோயாளரைத் தூக்கிப் பேணினார். 1711 இல் கண்டியிலே மறைந்த அவர் 2015 இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

டச்சுக்காரருக்கு அஞ்சிய மாந்தைக் கத்தோலிக்கர் தம் அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு வன்னிக்காட்டின் மடுவில் அடைக்கலம் புகுந்தது 1670 ஐ ஒட்டிய நிகழ்ச்சி. அதே திருவுருவம் 2008 ஏப்ரலில், போரின் நெருக்கடியில், மீண்டும் காட்டுவழியே தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதே ஆண்டிலேயே அது மடுவிற்குத் திரும்பியது. இடையே முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள். ஆனால் தாயைத் தோளில் சுமந்தோடும் மக்களின் கோலம் மாறவில்லை.

ஜப்பானிலோ 1614 இல் கிறித்தவம் முற்றிலும் தடை செய்யப்பட்டது. குருவே இல்லாமல் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மறைவாக வாழ்ந்த சிற்றூர் மக்கள், 1865 இல் நாகசாகி நகரில் புதிதாய் எழுந்த ஆலயத்திற்கு வந்து, அங்கிருந்த பிரெஞ்சுக் குருவிடம் தம்மை வெளிப்படுத்திக்கொண்டனர். அங்கும் மனப்பாடச் செபம், உள்ளூர்ப் பொறுப்பாளர், பொதுநிலையினர் அளித்த திருமுழுக்கு ஆகியனவே பாலமாயின. வெவ்வேறு நாடுகளில், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள், ஒரே வழியில் பிழைத்திருக்கிறார்கள்.

அடைக்கல ஊர்கள்

நெல்லைச் சீர்திருத்தச் சபையின் வரலாறும் இவ்வாறே அமைந்தது. 1778 இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையாரிடமிருந்து அது தொடங்குகிறது. 1780 ஆம் ஆண்டுப் பதிவேட்டில் சபையார் தொகை வெறும் நாற்பது. 1785 இல் அம்மையாரின் முயற்சியால் ஆலயம் எழுந்தது. 1790 இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் தமிழரே. தென்பகுதியில் தாவீது சுந்தரானந்தன் என்னும் உபதேசியாரின் முயற்சியால் பலர் கிறித்தவம் தழுவினர். தழுவியோரின் வீடுகள் இடிக்கப்பட்டன, சிற்றாலயங்கள் தீக்கிரையாயின. ஊரில் வாழ இயலாதோருக்கென 1799 இல் தனியிடம் வாங்கப்பட்டு முதலூர் உருவாயிற்று. 'முதல் ஊர்' என்னும் அப்பெயரே அதன் வரலாறு.

1798 இல் சுவார்ட்ஸ் மறைந்தார். சில ஆண்டுகளில் ஏனைய மூத்தோரும் மறைந்தனர். 1806 ஐ ஒட்டித் தொடங்கி, 1816 இல் ஜேம்ஸ் ஹஃப் என்னும் படைக்குரு பாளையங்கோட்டை வரும்வரை, நெல்லைச் சபைகளுக்கு நிலையான அயல்நாட்டு மறைப்பணியாளர் இலர். தமிழ்க் குருமார் ஓரிருவரும் உபதேசியார்களுமே அச்சபைகளைத் தாங்கினர். 1811 ஐ ஒட்டிப் பரவிய கொள்ளைக் காய்ச்சல் ஊர்களைச் சூறையாடிற்று. இக்காலத்தில் பலர் பழைய வழிபாட்டிற்குத் திரும்பினர் என்பதை மறைத்தல் வரலாறாகாது. அச்சம், வறுமை, நோய், உறவினர் வற்புறுத்தல் ஆகியவற்றிற்கு இடையே பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்த ஒரு தந்தை பின்வாங்கினான் என்றால், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் பாதுகாப்பாய் அமர்ந்திருக்கும் நாம் அவனைப் பழிப்பதற்கு உரிமையற்றவர்கள். விலகியோரின் அச்சத்தை உணர்ந்தால்தான் நிலைத்தோரின் உறுதி விளங்கும்.

1820 இல் வந்த இரேனியஸ் ஐயர் இதனைத் தெளிவாக அறிந்திருந்தார். நிலமற்ற உழைப்பாளி ஒருவன் நிலக்கிழாரின் விருப்பத்திற்கு மாறாகச் சமயம் மாறினால் முதலில் இழப்பது குடியிருக்கும் மனையை. அடுத்து இழப்பது கூலியை. எனவே 1830 இல் அவர் தரும சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். மக்களின் நன்கொடையால் நிலம் வாங்கி, துரத்தப்பட்டோரைக் குடியமர்த்துவதே அதன் பணி. நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என நெல்லைச் சீமையில் நாம் காணும் ஊர்ப்பெயர்களுக்குப் பின்னே இத்தகைய குடியேற்ற வரலாறு உண்டு. நம்பிக்கைக்கு நாவில் செபம் மட்டும் போதாது. காலூன்ற ஒரு சாண் நிலமும் வேண்டும் என்பதே இதன் பாடம். 1845 இல் நல்லூர்ப் பகுதிக் கிறித்தவர் வீடுகள் கூட்டமாக வந்தோரால் தாக்கப்பட்டபோது அவ்வுண்மை மீண்டும் மெய்ப்பட்டது.

சிறையில் பிறந்த நூல்

இத்துன்ப வரலாறு தமிழுக்கு மற்றுமொரு காப்பியத்தையும் தந்தது. நெல்லையை அடுத்த கரையிருப்பில் 1827 இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருட்டிண பிள்ளை 1858 இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவர் 1894 இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், ஜான் பன்யன் எழுதிய ஆங்கில நூலைத் தழுவியது. பன்யன் இங்கிலாந்தில் உரிமமின்றி மறையுரை ஆற்றிய குற்றத்திற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்த ஏழை உலோகத் தொழிலாளி. முதுகில் சுமையோடு அழிவின் நகரத்தை விட்டு நடக்கும் ஒருவனின் கதை அது. கம்பனில் தோய்ந்த கிருட்டிண பிள்ளையின் கையில் அது தமிழ்க் காப்பியமாக மலர்ந்தது. தேம்பாவணியில் ஓர் ஏதிலி, இரட்சணிய யாத்திரிகத்தில் ஒரு வழிநடையன்: தமிழ்க் கிறித்தவத்தின் இரு பெருங்காப்பியத் தலைவர்களும் வீடிழந்து வழியில் இருப்பவர்களே என்பது நாம் எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை.

பாத்திரத்தில் ஒட்டிய கறை

இதுவரை கூறியதோடு நிறுத்தினால் நாம் பாதி உண்மையே கூறியவராவோம். குருமார் இல்லாத காலத்தில் நம்பிக்கையைக் காத்தவை குடும்பம், உறவு, ஊர் என்றோம். நம் நாட்டில் உறவும் ஊரும் சாதியால் கட்டப்பட்டவை அல்லவா? ஆகவே எந்தப் பாத்திரம் நம்பிக்கையைச் சிந்தாமல் காத்ததோ அதே பாத்திரம் சாதியையும் சிந்தாமல் காத்தது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், சாதிகளைப் பிரித்து நிறுத்தும் சுவர் ஆலயத்திற்குள்ளேயே எழுந்தது. அது 1910 இல்தான் இடிக்கப்பட்டது. சாதி வரம்பைப் பொருட்படுத்தாது எல்லோரோடும் கலந்து பழகினார் என்று போற்றப்படும் ஒருவரின் ஞானத்தாய் ஊரில் இந்நிலை! அவர் புனிதராக அறிவிக்கப்படும் வேளையில்தான் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் நீக்கப்பட்டது.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள கழுகுமலையிலும் இச்சிக்கலைக் காணலாம். தேரோடும் வீதியில் ஊர்வலம் செல்லும் உரிமை மறுக்கப்பட்ட நாடார்களுள் பலர் கத்தோலிக்கம் தழுவினர். 1895 இல் அங்கு நடந்த தேரோட்டப் பூசல் உயிர்ப்பலிகளில் முடிந்தது. அதில் எது சமயத்தின் வழக்கு, எது சாதியின் வழக்கு என்று இன்று பிரித்துரைத்தல் அரிது. வெளியிலிருந்து வரும் துன்பத்தை எதிர்கொள்ளும்போது ஒரு சமூகம் ஒன்றுபட்டு நிற்கும். உள்ளிருந்து எழும் துன்பத்தை ஒப்புக்கொள்ளவே அது பன்னெடுங்காலம் எடுத்துக்கொள்ளும். கோயிலின் பின்வரிசையில் நிறுத்தப்பட்டும், கல்லறைத் தோட்டத்தில் தனியிடம் ஒதுக்கப்பட்டும், அந்த ஆலயத்தை விட்டு நீங்காத தாழ்த்தப்பட்ட மக்களின் பற்றுறுதியை எந்தத் தியாகியின் உறுதிக்கும் குறைந்ததாக நாம் கருதவியலாது. பகைவன் துன்புறுத்தும்போது நிலைத்திருத்தல் கடினம். அருகிருந்து செபிப்பவனே இழிவுபடுத்தும்போது நிலைத்திருத்தல் அதனினும் கடினமல்லவா?

பெயரற்றோரின் வரலாறு

நாம் இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். குருக்கள்பட்டிச் சிறையினின்றும் மீண்ட வீரமாமுனிவரின் பெயர் நிலைத்துவிட்டது. ஓரியூரும் காற்றாடிமலையும் திருத்தலங்களாகிவிட்டன. ஆனால் 1759 க்கும் 1838 க்கும் இடையே நெல்லைச் சீமையின் கரிசல் ஊர்களிலும் மலையடிவாரத்து ஊர்களிலும் மாலைதோறும் விளக்கேற்றிச் செபமாலை சொன்ன பெண்களின் பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. கொள்ளைநோயில் இறந்தவரைத் தூக்கிச்சென்று புதைத்த உபதேசியார்களுள் பெரும்பாலோர் அவ்வாறே மறைந்தனர். அவர்கள் இல்லையெனில், திரும்பி வந்த குருமாருக்குச் சபை என்று ஒன்று எஞ்சியிருக்காது.

வரலாறு எழுதுவோர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. நெல்லை, தென்காசி மாவட்டங்களின் பழைய ஆலயங்களில் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. வீடுகளில் அம்மானை ஏடுகளும் வாசகப்பா நாடகப் படிகளும் பரண்மேல் உறங்குகின்றன. முதியோர் நினைவில் பழைய செபங்களும் ஒப்பாரிகளும் இன்னும் வாழ்கின்றன. எச்சமயத்தாராயினும், தமிழில் பற்றுடைய அன்பர்கள் தத்தம் ஊரில் இவற்றைத் தேடிப் படியெடுத்துக் காப்பது தமிழ்ச் சமூக வரலாற்றிற்குச் செய்யும் பெருந்தொண்டாகும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய்த் திரிந்து ஏடு தேடியிராவிடில் சங்க இலக்கியத்துள் பலவற்றை நாம் இழந்திருப்போம். பெயரற்ற இம்மக்களின் ஏடுகளுக்கு இன்னும் அத்தகையதோர் ஐயர் வாய்க்கவில்லை.